மழை மலையில் ஒரு மருள் தொட்டி

மூணாறுக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஸ்நேக் பிளான்ட் வாங்குகிறவர் காதில் விழுவதும் சென்னைக்காரருக்குச் சொல்லப்படும் அதே யோசனைதான்: வாரம் ஒரு தடவை தண்ணீர் விடுங்கள், எந்த மூலையிலும் வளரும். சென்னை வெயிலுக்கு அது சரியாக இருக்கலாம். மலையில் இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் நம்முடைய கவனிப்புதான் என்பது என் கட்சி.

காரணம் இலையிலேயே இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது, கூடவே ஈரத்தையும் இழக்கின்றன. இந்தச் செடி இரவில் துளைகளைத் திறந்து, வாங்கிய வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் கதவை மூடியபடியே சர்க்கரை தயாரிக்கிறது. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் தானாக வளரும் மருளும் இதற்கு நெருங்கிய உறவு. இப்படிச் சிக்கனமாக வாழும் செடி வெயில் ஊரிலேயே மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மூடுபனியும் சூழ்ந்த வீட்டில் தொட்டி மண் காயவே காயாது. மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். கொடுமை என்னவென்றால், வேர் அழுகிய செடியின் இலை தாகத்தில் வாடியதுபோலவே சுருங்கும். அதைப் பார்த்து இன்னொரு குவளை ஊற்றுவோம்.

இந்தச் செடியின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவிலும் மழை கொட்டத்தானே செய்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே மண் ஆண்டு முழுவதும் சூடாக இருக்கும், தரையில் விழும் நீருக்கு வடிய வழியும் உண்டு. மூணாறு வட்டாரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகள் நடுங்க வைக்கும்; உயரமான எஸ்டேட்டுகளில் உறைபனியே விழும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் இலை பாதிக்கப்படும். ஈரமும் குளிரும் சேர்ந்த தொட்டியைத்தான் இந்தச் செடியால் தாங்க முடிவதில்லை.

படுக்கையறையில் வைத்தால் இரவில் ஆக்சிஜன் தரும் என்ற விளம்பரத்தையும் இங்கேயே சோதித்துவிடலாம். இரவில் இலைத்துளை திறப்பது கரியமில வாயுவை வாங்குவதற்கு. ஆக்சிஜன் பிறப்பதோ வெளிச்சத்தில் நீர் பிளக்கப்படும்போதுதான். காற்றிலுள்ள நச்சை நீக்கும் என்பதற்கு 1989-ல் வந்த நாசா ஆய்வைக் காட்டுவார்கள். அது காற்றுப் புகாமல் அடைத்த சிறு கூண்டுக்குள் நடந்த சோதனை. அத்தகைய ஆய்வுகளை 2019-ல் அலசிய இருவர், ஜன்னல் வழியாகவும் இடுக்கு வழியாகவும் வந்துபோகும் காற்றுக்கு ஈடுகட்ட ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பத்துக்குப் பத்தடி அறையென்றால் தொண்ணூறு தொட்டிக்கு மேல்; அப்புறம் கட்டிலை எங்கே போடுவது? அழகுக்காக வாங்குங்கள், போதும்.

வாங்கியபின் முதல் வேலை, தேங்காய் நார்க்கழிவில் நட்டுக் கொடுத்திருந்தால் அதை உதறிவிடுவது. அது ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். தோட்ட மண்ணோடு பாதிக்குப் பாதி பருமணலும் கரித்துண்டும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியில் நடலாம். பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். நிழலில் சாகாது என்பது உண்மைதான், ஆனால் நிழலில் மண் இன்னும் தாமதமாகக் காயும். ஆகவே மழைச்சாரல் படாத ஜன்னலோரமே நல்லது. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாதபோது மட்டும் தண்ணீர். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் விடாமலே இருக்க நேரலாம், பதற வேண்டாம். நாயோ பூனையோ இலையைக் கடித்தால் வாந்தி எடுக்கும் என்பதால் அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையை வெட்டி நட்டும் புதுச் செடி வரும், ஆனால் மஞ்சள் விளிம்புள்ள வகையில் அப்படி முளைப்பது வெறும் பச்சையாகத்தான் இருக்கும். விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். அதையும் ஜூனுக்குத் தள்ளிப்போடாமல் மார்ச், ஏப்ரல் வெயிலிலேயே முடித்துவிட வேண்டும்.