பாலைவனத்தில் பிறந்த கனத்த நாதம்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கிராமங்களில் திருவிழா இரவென்றால், ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, ஊர்ப்புறத்துப் பொட்டலில் மேடை கட்டி, விடிய விடிய நாடகமும் இன்னிசைக் கச்சேரியும் நடத்துவது நெடுநாளைய வழக்கமாதலால், லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாம் டெசர்ட் என்னும் ஊரின் வாலிபர்கள், தங்களுக்கு மேடை தருவார் அருகில் இல்லாமையால், பாலைவனத்து மலையிடுக்குகளுக்கு ஜெனரேட்டரை ஏற்றிச் சென்று இரவெல்லாம் வாசித்தார்கள் என்னும் செய்தி இவ்வட்டார வாசகர்களுக்கு அத்தனை விசித்திரமாகத் தோன்றாது. விசித்திரம் அவர்கள் எழுப்பிய நாதத்தில் இருந்தது.

அவ்வாலிபர்களுள் தலையாய குழு கையஸ். 1987-ஆம் ஆண்டு வேறொரு பெயரில் அது தொடங்கியபோது, கிட்டார் வாசித்த ஜாஷ் ஹோமிக்கு வயது பதினான்கு. ஜான் கார்சியா பாடினார், பிராண்ட் பியார்க் டிரம்ஸ் வாசித்தார். 1991-இல் வந்த முதல் இசைத்தட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மறு ஆண்டு வெளிவந்த 'புளூஸ் ஃபார் தி ரெட் சன்' என்பதே இவர்களுடைய ஸ்வரூபத்தை உலகுக்குக் காட்டிற்று.

கிட்டாரின் மிகத் தடித்த தந்தி சாதாரணமாக, நம் சுருதிக் கணக்கில் சொன்னால், மூன்று கட்டையில் நிற்பது. ஹோமியோ எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில் தளர்த்தி, அதை ஒரு கட்டைக்கு இறக்கிவிட்டதோடு நில்லாமல், அவ்வாத்தியத்தை அதற்குரிய பெருக்கியில் இணைக்காது, பேஸ் கிட்டாருக்கென்று அமைந்த பெரிய பெருக்கியில் இணைத்து வாசித்தார். தளர்ந்த தந்தியின் அகன்ற அதிர்வும், வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட ஒலியின் கரகரப்பும், கீழ்ஸ்தாயியைப் பருக்கச் செய்யும் ஒலிபெருக்கியும் ஒன்றுகூடியபோது, காதால் கேட்பதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் உணரத்தக்க ஒரு நாதம் பிறந்தது. அதன்மேல் ஒரு சிறு ஸ்வரக்கோவையைத் திரும்பத் திரும்ப, பெரும்பாலும் அவசரமின்றி, வாசித்துக்கொண்டே போவார்கள். பாட்டு நின்றுபோய் வாத்தியங்கள் மட்டுமே சஞ்சரிக்கும் நீண்ட பகுதிகளில் கேட்பவனுக்குக் காலப்பிரக்ஞை நழுவும். 1970-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட இங்கிலாந்தின் பிளாக் சாபத் குழுவினரே இந்த மார்க்கத்துக்கு மூலபுருஷர்கள் எனலாம். இதற்குக் கஞ்சா மயக்கத்தைச் சுட்டும் 'ஸ்டோனர் ராக்' என்ற பெயர் நிலைத்துவிட்டது; மயங்குவதற்கு நாதமே போதும், வேறு வஸ்து வேண்டியதில்லை என்பது என் கட்சி.

1993-இல் மெட்டாலிகா குழுவின் ஆஸ்திரேலியக் கச்சேரிகளில் தொடக்கக் குழுவாக வாசிக்கும் வாய்ப்பு கிட்டியும், கையஸுக்குப் பெரும் வியாபார வெற்றி கைகூடவில்லை. 1994-இல் வந்த 'வெல்கம் டு ஸ்கை வேலி' இசைத்தட்டில், பத்துப் பாடல்களை மூன்று பெரும்பகுதிகளாகத் தொகுத்து, ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவ முடியாதபடி செய்திருந்தார்கள். ரசிகனிடம் பொறுமையைக் கேட்பதற்கு இதைவிடப் பிடிவாதமான வழி உண்டோ! 1995-இல் நான்காம் இசைத்தட்டோடு குழு கலைந்தது. பிறகு ஹோமி தொடங்கிய குவீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ் அடைந்த புகழே பழைய தட்டுகளின்பால் பலரைத் திருப்பிற்று. பழைய தோழர்கள் சிலர் 'கையஸ் லிவ்ஸ்' என்னும் பெயரில் மீண்டும் வாசிக்கத் தொடங்க, பெயருரிமை 2012-இல் நீதிமன்றம் வரை சென்றது என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இதே மார்க்கத்தில் நமக்கு அண்மையில் உள்ளவர்கள் பெங்களூரின் பெவர் சீ குழுவினர். 2012-இல் முதல் இசைத்தட்டையும் 2015-இல் இரண்டாவதையும் வெளியிட்ட இவர்கள், கையஸைக் காட்டிலும் பிளாக் சாபத்தின் விளம்ப காலத்துக்கே நெருங்கியவர்கள். புதிதாகக் கேட்க விரும்புவோர் 'ஸ்கை வேலி'யில் தொடங்கலாம்; ஆனால் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லலாகாது, ஏனெனில் இச்சங்கீதத்தின் உயிரான கீழ்ஸ்தாயி அதில் எழும்புவதே இல்லை.