கிரெஷ் எத்தனை மணிக்குத் திறக்கும்?

லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போறவைக்கு ரூ பஜோலைத் தெரியும். பழைய ரயில்வே சரக்குக் கொட்டகை 2013இல் நூலகமும் இளைஞர் விடுதியுமாக மாறிய தெரு. இப்படிப் புதுப்பிக்கிற இடங்களில் கிரெஷுக்கும், அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கும், இடம் ஒதுக்குவது வழக்கம். செலவில் பெரும்பங்கு காஃப்பும் நகரசபையும். பெற்றோர் வருமானப்படி கட்டுகினம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பெரும்பாலான கிரெஷ் மாலை ஏழுக்குள் பூட்டிவிடும். கந்தோர் துப்புரவாக்க விடிய முதல் மெத்ரோ பிடிக்கிற தாய்க்கும், இரவு உணவகத்தில் நிற்கிற தகப்பனுக்கும் பிள்ளையை ஆர் பார்க்கிறது? அம்மம்மா ஊரிலை.

2025 சனவரி முதல் மழலையர் பராமரிப்பை ஒழுங்குசெய்வது சட்டப்படி நகரசபையின் பொறுப்பு. 10,000 பேருக்கு மேற்பட்ட நகரங்கள் பல்லாண்டுத் திட்டமும் எழுதவேண்டும். கட்டடத்தோடு நிற்காமல் விடியவும் இரவும் வேலைசெய்ய ஆட்களுக்கும் அதில் காசு ஒதுக்கவேணும். மெரியில் பதியும்போது உங்கட உண்மையான வேலை நேரத்தை எழுதுங்கோ. வெட்கத்துக்கு ‘எட்டிலிருந்து ஐந்து’ என்று போடாதேங்கோ.