லொறியின் முன்னச்சு: தேய்வை அறியும் முறை

நுவரெலியாவில் மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் லொறி, ஒன்றன்பின் ஒன்றாகக் கடும் வளைவுகளைக் கடக்கவேண்டியிருக்கிறது. இறக்கத்தில் பிறேக் பிடிக்குந்தோறும் பாரம் முன்னச்சின் மீது சாய்கின்றது. அவ்வச்சினைச் சில்லுகளோடு இணைப்பவை சிறு இரும்புத் துண்டுகள் சிலவே. அவை தேய்ந்து கழன்றால் சாரதியின் கைத்திறன் எத்துணைச் சிறந்ததாயினும் பயன்படாது. ஆனால் அவை பெரும்பாலும் ஒரே நாளில் கெடுவதில்லை. நெடுநாள் அறிகுறி காட்டியே கெடுகின்றன. அவ்வறிகுறிகளை அறிந்தவர் பொருளையும் காப்பர், உயிரையும் காப்பர்.

பழைய டாட்டா, பெட்போட், லேலண்ட் லொறிகள் பெரும்பாலானவற்றில் முன்னச்சு என்பது ஒரே உருக்குத் தண்டாகும். அதன் இரு முனைகளிலும் கிங் பின் எனப்படும் தடித்த முளை ஒவ்வொன்று செங்குத்தாக நிற்கிறது. பிணைச்சலைப் பற்றிக் கதவு திரும்புவதுபோல, முளையைப் பற்றிச் சில்லு திரும்புகிறது. இரு சில்லுகளையும் ஒருங்கே திருப்புவது டை றொட் என்னும் குறுக்குத் தண்டு. பாரத்தைத் தாங்குவன அடுக்கடுக்கான ஸ்பிரிங் தட்டுகள்.

சோதனையை ரயரிலிருந்து தொடங்குதலே முறை. இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மாத்திரம் தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பின் சில்லின் சாய்வு பிழைத்திருக்கலாம். கிங் பின் தேய்வோ அச்சின் வளைவோ அதற்குக் காரணமாகலாம். இடையிடையே குழி விழுந்திருப்பின் அதிர்வுதாங்கி, பெயரிங் ஆகியவற்றை நோக்கவேண்டும். ரயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் வாள்முனைபோற் கூராகவும் இருப்பின், இரு சில்லுகளும் நேராக ஓடவில்லை என்பது தெளிவு.

இப்பிழை சிறிதெனக் கருதலாகாது. ஒரு மீற்றர் விட்டமுள்ள ரயர்களுக்கிடையே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் 10 மில்லிமீற்றர் வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சில்லும் மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் வீதம் பக்கவாட்டில் இழுபடும். கணக்கின்படி, 200 கிலோமீற்றர் ஓட்டத்தில் ரயர் ஒரு கிலோமீற்றர் தூரம் குறுக்காக உரசுண்ட நிலையை அடைகிறது. புதிய ரயர் சில மாதங்களிலேயே மொட்டையாவதன் காரணம் இதுவே.

லொறி ஒருபுறமாக இழுக்குமாயின் முதலில் இரு ரயர்களின் காற்றையும் ஒப்பிடவேண்டும். பின்னர் சற்றுத்தூரம் ஓடி நிறுத்தி, எப்பக்கத்துப் பிறேக் அதிகம் சூடேறியுள்ளது என்பதை அறியவேண்டும். இவை சரியாயின், ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இரு பக்கமும் அளக்கலாம். அளவுகள் வேறுபட்டால், ஸ்பிரிங் தட்டுகளின் நடு ஆணி முறிந்து அச்சு நகர்ந்திருத்தல் கூடும். வளைவு கடந்த பின் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்கு மீளாவிடின், கிறீஸ் இன்றிக் கிங் பின் இறுகியிருக்கிறதோ என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது ஜாக்கிச் சோதனை. பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்னச்சை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் இருத்தல் இன்றியமையாதது. ஜாக்கியை மாத்திரம் நம்பி வாகனத்தின் கீழ் எவரும் செல்லலாகாது. சில்லின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமும் அசைக்க ஆட்டம் தெரிந்தால், மற்றொருவர் பிறேக்கை மிதிக்கவேண்டும். ஆட்டம் மறைந்தால் குறை பெயரிங்கில். மறையாதிருந்தால் கிங் பின்னிலோ அதன் புஷ்ஷிலோ என்பது துணிபு. இடமும் வலமும் பிடித்து அசைக்கையில் ஆட்டம் தோன்றினால் டை றொட் முனைகளை நோக்கவேண்டும்.

பின்னர் லொறியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு இருபுறமும் திருப்ப, மற்றொருவர் மூட்டுக்களைக் கவனிக்கலாம். தண்டு அசைந்தும் மூட்டு தாமதித்தசைந்தால் அம்மூட்டு தேய்ந்தது. டை றொட் முனை கழன்றால் சில்லுகள் ஒன்றுக்கொன்று மாறாகத் திரும்பிவிடும். மலைச்சரிவில் அந்நிலை பேராபத்தாகும்.

இறுதியிலேயே சில்லுகளின் நேர்மையை அளத்தல் வேண்டும். சில்லைச் சுழற்றிச் சுண்ணக்கோடு வரைந்து, அதன்மேல் ஆணியால் மெல்லிய கீறலிட்டு, தரையில் இறக்கிச் சிறிது முன்னே உருட்டியபின், அச்சின் மட்டத்தில் முன்னும் பின்னும் கீறல்களின் இடைவெளியை அளக்கலாம். சரியான வேறுபாடு லொறியின் கைநூலில் தரப்பட்டிருக்கும். ஒளிக்கதிர்க் கருவிகள் இன்று பல பணிமனைகளில் உள்ளன. எனினும் தேய்ந்த பின்னையும் மூட்டையும் மாற்றாமல் எக்கருவியால் நேர் செய்தாலும் அவ்வளவு முதற் குழியிலேயே மாறிவிடும். ஆதலால் முதலிற் பழுதகற்றல், பிறகு நேர்செய்தல் என்பதே ஒழுங்கு.

கிறீஸ் இடும்போது அச்சைச் சற்று உயர்த்தினால், பாரம் நீங்கிய இடைவெளியில் அது எங்கும் பரவும். பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தோன்றும்வரை இடுதல் நன்று. சில நிமிடங்களே கொள்ளும் இப்பணியை வழக்கமாக்குவோர், கிங் பின் மாற்றும் பெருஞ்செலவை நெடுங்காலம் தள்ளிப்போடலாம்.