புதிய பதிப்புக்கு ஒரு பொதி

கணினியில் ஒரு மென்பொருளைத் திறக்கிறோம். சாளரம் விரிகிறது, பொத்தானைச் சொடுக்கியதும் பட்டியல் கீழே இறங்குகிறது. இவற்றை ஒவ்வொரு நிரலரும் முதலிலிருந்து உருவாக்குவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட சாளரத்தையும் பொத்தானையும் எடுத்துத் தம் நிரலில் பொருத்திக்கொள்கிறார். அவை அடங்கிய தொகுதியே வரைகலை இடைமுக நிரலகம் எனப்படுகிறது.

பைதன் மொழிக்கு உள்ள இத்தகைய நிரலகங்களுள் ஒன்று டபிள்யூஎக்ஸ்பைதன். உண்மையில் அது ஒரு பாலம். அதன் ஒரு கரையில் பைதன். மறுகரையில், சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்னும் பெரிய நிரலகம். ஒரு கரை இடம்பெயர்ந்துவிட்டால் பாலம் என்னவாகும்? 2008ஆம் ஆண்டு டிசம்பரில் அதுதான் நடந்தது. அம்மாதம் வெளிவந்த பைதன் 3, பழைய பதிப்போடு முழுமையாக ஒத்துப்போகவில்லை.

முக்கியமான மாற்றம் எழுத்துகளைக் கையாளும் முறையில் ஏற்பட்டது. பைதன் 2இல் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. ‘அம்மா’ என்னும் சொல்லை யுடிஎஃப்-8 முறையில் எழுதி, அதன் நீளம் என்னவென்று கேட்டால் 15 என்று விடை வரும். பைதன் 3 அதனை 5 என்கிறது. அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று எண்ணுகிறது போலும்! நாம் படித்த இலக்கணப்படி அது மூன்றெழுத்துச் சொல். ஒரு பொத்தானின் மேல் தோன்றும் சொல்லும் அந்தப் பாலத்தைக் கடந்துதான் செல்ல வேண்டும். ஆகவே, சொற்கள் கடக்கும் இடங்களையெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று.

டபிள்யூஎக்ஸ்பைதனின் முதன்மை உருவாக்குநரான ராபின் டன் ஒட்டுப்போடும் வேலையில் இறங்கவில்லை. பாலத்தையே புதிதாகக் கட்டும் திட்டத்தைத் தொடங்கினார். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரான ‘பீனிக்ஸ்’ அதற்குச் சூட்டப்பட்டது. அதன் முழுமையான வெளியீடாகிய 4.0 பதிப்பு 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. பைதன் 2க்கான ஆதரவோ 2020 ஜனவரி 1ஆம் நாள் முடிவடைந்தது. இந்நிரலகத்தை நம்பியிருந்தவர்கள் தங்கள் மென்பொருள்களை மாற்றியமைக்க ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள் எஞ்சியிருந்தன.

நிரலைத் திருத்திவிட்டால் மட்டும் போதாது. அதைப் பொதியாக்கவும் வேண்டும். சி பிளஸ் பிளஸ் நிரலைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவத்திற்கு மாற்றி, தேவையான கோப்புகளோடு சேர்த்துக் கட்டுவதே பொதியாக்கம். விண்டோஸுக்குக் கட்டிய பொதி மேக் கணினியில் இயங்காது. பைதன் 3.9க்குக் கட்டியது 3.10க்கு உதவாது. அதனால், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்பதைக் கடித உறையில் முகவரி எழுதுவதுபோலப் பொதியின் பெயரிலேயே குறித்துவிடுவர். நிறுவும் கருவி அந்த முகவரியைப் பார்த்துத்தான் உரிய பொதியைத் தேர்ந்தெடுக்கிறது. பொருத்தமான பொதி இல்லையென்றால் மூல நிரலை நம் கணினியிலேயே தொகுக்க முயலும். அதற்கான கருவிகள் பலரிடம் இருப்பதில்லை. திரை முழுவதும் பிழைச் செய்திகளே வந்து நிற்கும்.

இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையுமன்று. இப்பொழுது ஆண்டுதோறும் அக்டோபர் மாதவாக்கில் பைதனின் புதிய பதிப்பு வெளிவருகிறது. 3.10 வந்தபோது, முழு எண் கேட்கும் இடத்தில் தசம எண்ணைக் கொடுத்தால் ஏற்க மறுத்தது. சாளரத்தின் அகலம் 300 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். நடுவிடத்தைக் காண 2ஆல் வகுத்தால் பைதன் 3 தருவது 150 அன்று, 150.0. அந்தச் சிறு புள்ளியால், அதுவரை நன்றாக இயங்கிய பல மென்பொருள்கள் பாதியில் நின்றன.

நீங்கள் பைதனின் புதிய பதிப்பை நிறுவ எண்ணினால், உங்களுக்குத் தேவையான நிரலகத்தின் பொதிப் பட்டியலை முதலில் பாருங்கள். புதிய பதிப்பின் எண் அதில் இல்லையென்றால் பழைய பதிப்பை நீக்கிவிடாதீர்கள். இரண்டும் ஒரே கணினியில் அருகருகே இருக்கலாம்.