வெள்ளி இரவு, ஆறு பேர், ஒரு மலை
டில்லியில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது எல்லோருக்கும் இமயமலை நினைவுக்கு வருகிறது. நண்பர்களுடன் இரண்டு நாள் போய்வருவது எளிது போலத் தோன்றும். திட்டம் தவறினால் பாதி நேரம் சாலையிலும் மீதி நேரம் சண்டையிலும் போய்விடும்.

பெரும்பாலும் அது அலுவலக வாசலில் இருக்கும் டீக்கடையில்தான் ஆரம்பிக்கிறது. மே மாதம், மாலை ஆறு மணி. லூ என்று வட இந்தியர்கள் அழைக்கும் அனல்காற்று இன்னும் ஓயவில்லை. யாரோ ஒருவர் மலைக்குப் போகலாமா என்று கேட்கிறார். ஆறு கைகள் உயர்கின்றன. ஒருவருக்கு மணாலியில் பனி பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு நைனிடாலில் படகு விட வேண்டும். மூன்றாமவருக்கு எங்காவது போய்த் தூங்கினால் போதும். டீ ஆறுவதற்குள் தேதி குறிக்கப்படுகிறது.

மூன்று வாரங்கள் கழித்து அந்த ஆறு பேரில் எத்தனை பேர் ரயிலடிக்கு வந்து சேருவார்கள்? இந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் வட இந்திய நகரங்களில் ஆயிரக்கணக்கான நண்பர் குழுக்கள் விடை காண்கின்றன. பல குழுக்களுக்குக் கிடைப்பது கசப்பான விடை. மலை அதற்குக் காரணம் அல்ல. போகும் முன்பே செய்திருக்க வேண்டிய சில கணக்குகளைச் செய்யாததுதான் காரணம்.

முதல் கணக்கு நேரம். வெள்ளி இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டுத் திங்கள் காலை எட்டு மணிக்குத் திரும்பினால் கையில் இருப்பது 60 மணி நேரம். டில்லியிலிருந்து மணாலி சுமார் 530 கிலோமீட்டர். சமவெளியில் வண்டி பறக்கலாம். மலை ஏறத் தொடங்கியதும் வேகம் பாதியாகிவிடும். போக 14 மணி, வர 14 மணி என்று வைத்துக்கொண்டால் 28 மணி நேரம் இருக்கையிலேயே கழிகிறது. மீதியில் தூக்கத்தைக் கழித்தால் மணாலியைப் பார்க்கக் கிடைப்பது சொற்பம். ஆகவே இரண்டு நாள் விடுமுறைக்கு மணாலி பொருந்தாது. குறைந்தது நான்கு நாட்களாவது வேண்டும்.

அதே 60 மணி நேரத்துக்கு நைனிடால் பொருந்துகிறது. பழைய டில்லியிலிருந்து இரவில் கிளம்பும் ராணிகேத் எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் காத்கோதாம் போய்ச் சேருகிறது. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மலைப்பாதை. காலைச் சிற்றுண்டிக்கு ஏரிக்கரையில் இருக்கலாம். ஞாயிறு மாலை மலை இறங்கினால் இரவு ரயில். இப்படிப் போனால் சுமார் 34 மணி நேரம் மலையில் கிடைக்கும். ஓட்டுநரின் கண் அசருமோ என்ற கவலையும் இல்லை.

முசௌரிக்கும் இதே வழி உண்டு. இரவு ரயிலில் டேராடூன், அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். கல்காவரை ரயிலில் போனால் கசௌலியும் எட்டிவிடும் தூரம்தான். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்குக் கோட்த்வார் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் லான்ஸ்டவுன் இருக்கிறது. கார்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவின் தலைமையிடமான இந்தச் சின்ன ஊரில் பைன் மரங்களும் அமைதியும் உண்டு. மால் ரோடு ஆரவாரத்தைத் தேடுபவர்களுக்கு அங்கே ஒரு நாளே அதிகம். இதையும் குழு முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

சிம்லா போகிறவர்கள் பொம்மை ரயிலை நினைத்துக்கொண்டு போகிறார்கள். 1903ல் தொடங்கப்பட்ட கல்கா - சிம்லா பாதை 96 கிலோமீட்டர் நீளம். நூற்றுக்கும் அதிகமான சுரங்கங்கள். அவற்றில் நீளமான பரோக் சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். 2008ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்த 96 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ரயிலையே பயணத்தின் நோக்கமாக வைத்துக்கொண்டால் சுகம். சீக்கிரம் போய்ச் சேரும் வழியாக நினைத்தால் எரிச்சல்.

தேதியும் முக்கியம். சமவெளியில் பள்ளிகள் மூடியதும் மலையில் கூட்டம் கட்டுக்கடங்காது. மே கடைசியிலிருந்து ஜூன் மத்திவரை சனி, ஞாயிறுகளில் மலைவாசஸ்தலங்களின் வாசலிலேயே வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். இரண்டு நாள் விடுப்புப் போட்டு ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மாற்றினால் அறை வாடகையும் குறையும், சாலையும் திறக்கும். கூட்டம் குறைந்தது என்று ஜூலைக்குத் தள்ளிப்போடுவது ஆபத்து. ஜூன் கடைசியில் பருவமழை இமயத்தைத் தொட்டுவிடும். 2013 ஜூனில் கேதார்நாத்தில் நேர்ந்த பேரழிவை யாரும் மறக்கவில்லை. 2023 ஜூலையில் பியாஸ் நதி பெருக்கெடுத்து மணாலி நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. சுற்றுலா வந்தவர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள்.

ரயில் டிக்கெட் விஷயத்திலும் பழைய பழக்கம் உதவாது. முன்பு 120 நாட்களுக்கு முன் பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. கோடை ரயில்களில் முன்பதிவு தொடங்கிய சில நாட்களிலேயே இடங்கள் தீர்ந்துவிடும் என்பதால், டீக்கடைப் பேச்சு மார்ச்சிலேயே நடந்தாக வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் இடம். ஏழாவது நண்பர் சேர்ந்தால் தனி டிக்கெட். அவர் வேறு பெட்டியில் போக நேரலாம்.

யார் கையில் பணம்?

இரண்டாவது கணக்குதான் நட்பைப் பதம் பார்க்கிறது. வேன் வாடகையும் அறை வாடகையும் தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை. ஆறு பேர் போனாலும் நான்கு பேர் போனாலும் வேன் ஒன்றுதான். இவை இரண்டும் சேர்ந்து 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்குத் தலைக்கு 5,000 ரூபாய். கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் 6,000. இன்னொருவரும் விலகினால் 7,500. கையில் 5,000 மட்டும் வைத்திருந்த நண்பர் இப்போது வெட்கப்பட்டுக்கொண்டு தானும் வரவில்லை என்கிறார். காரணம் கேட்டால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பார். இப்படித்தான் பயணங்கள் கலைகின்றன.

அடிக்கடி ஒன்றாகப் போய்வரும் குழுக்கள் கையாளும் முறை எளிது. பேச்சோடு நிறுத்தாமல் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். பணம் கொடுத்தவர் மட்டுமே வருகிறவர். குறிப்பிட்ட தேதிக்குப் பின் விலகுபவர் வேனுக்கும் அறைக்கும் தன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும், அல்லது தனக்குப் பதில் ஒருவரைப் பிடித்துத் தர வேண்டும். ஒருவர் கணக்குப்பிள்ளை. டீ முதல் டோல்வரை எல்லாம் பொதுப் பணத்திலிருந்து அவர் கையால்தான் போகும். ஸ்வெட்டர், சால்வை போன்றவை அவரவர் காசு. இரவு படுக்குமுன் கணக்கைப் படித்துவிடுகிறார்கள். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்று சிலர் சங்கடப்படுவார்கள். கணக்கு வைக்காததால் முறிந்த நட்பைப் பார்த்தவர்கள் சங்கடப்படுவதில்லை.

யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதும் நாசூக்கான விஷயம். குழுவில் எல்லோருக்கும் ஒரே சம்பளம் இருக்காது. அறையை முடிவு செய்யும்போது குறைவாகச் சம்பாதிப்பவரின் வசதிக்கு ஏற்ப எடுத்தால் ஒருவரும் தலைகுனிய வேண்டியதில்லை. மலைக்குப் போவது அறைக்குள் உட்காரவா?

வண்டியும் வளைவும்

சொந்தக் காரில் போனால் மிச்சம் என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பகல் முழுவதும் அலுவலகத்தில் உழைத்தவரே இரவு முழுவதும் வண்டி ஓட்டி, விடிகாலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார். கண் சொக்கும் நேரம் அதுதான். ஒருவருக்கு இருவர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது அடிவாரத்தில் இரவு தங்கிவிட்டுப் பகலில் ஏற வேண்டும். மலைச் சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்க வேண்டும். சமவெளி ஓட்டுநர்கள் பலருக்கு இந்த இரண்டும் பழக்கமில்லை.

தெரிந்தவரின் வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழக்கம். கொஞ்சம் மலிவு. ஆனால் சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு விடுவது சட்ட விரோதம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம். ஆறு பேரின் உயிரை நினைத்தால் மஞ்சள் பலகை டாக்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில ஆயிரங்கள் பெரிதல்ல.

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறைகிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் முசௌரியும் நைனிடாலும் டில்லியைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சியாக இருப்பது இதனால்தான். இந்த உயரத்தில் மூச்சுத் தொல்லை பொதுவாக வராது. வளைவுகளால் வரும் குமட்டல்தான் வரும். காலையில் எண்ணெய்ப் பூரியைத் தவிர்த்து, முன் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்தில் பார்வையை வைத்தால் பாதி சரியாகும்.

மணாலியிலிருந்து 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய்க்கு ஒரே காலையில் ஏறுவது வேறு விஷயம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தலைவலி, வாந்தி, தலைசுற்றல் வந்தால் சமாளித்துக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே கீழே இறங்குவதே மருந்து. இதய நோய், ஆஸ்துமா உள்ள நண்பர் மருத்துவரைக் கேட்காமல் அங்கே போகக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் கேலி செய்து இழுத்துப் போகவும் கூடாது.

ரோதாங்குக்கு நினைத்தவுடன் போய்விடவும் முடியாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் ஒரு நாளைக்கு 600 பெட்ரோல் வண்டிகள், 400 டீசல் வண்டிகள் என்று வரம்பு கட்டியது. முன் அனுமதி கட்டாயமானது. தமிழர்களுக்கு இது புதிதல்ல. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அதே கதைதான். மலைகள் இனி தாங்காது என்பதைத்தான் வடக்கிலும் தெற்கிலும் இந்த உத்தரவுகள் சொல்கின்றன.

மலைக்காரர்களின் தண்ணீர்

இதற்கு மிகத் தெளிவான சாட்சி சிம்லா. 2018 மே மாதக் கடைசியில் அந்த நகரத்தில் குழாய்கள் வறண்டன. மக்கள் குடங்களோடு இரவிலும் வரிசையில் நின்றார்கள். சுற்றுலாப் பயணிகளே, தயவுசெய்து வராதீர்கள் என்று சிம்லாவாசிகள் சமூக ஊடகங்களில் வேண்டினார்கள். ஜூன் தொடக்கத்தில் நடக்கவிருந்த கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆங்கிலேயர்கள் 1864ல் கோடைத் தலைநகராக்கிய ஊர், கோடையிலேயே விருந்தினர் வேண்டாம் என்றது.

காரணம் புதிரல்ல. சிம்லா மலை முகட்டில் இருக்கிறது. தண்ணீர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கும்மா, கிரி போன்ற இடங்களிலிருந்து பம்ப் செய்து மேலே ஏற்றுகிறார்கள். குளிர்காலத்தில் பனியும் மழையும் பொய்த்தால் ஓடைகள் மெலிகின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் சமவெளியிலிருந்து கூட்டம் ஏறுகிறது. நைனிடாலிலோ படகு விடும் ஏரியேதான் குடிநீர். 2017 கோடையில் அதன் நீர்மட்டம் வெகுவாக இறங்கியது.

நெருப்பும் இந்தப் பருவத்து விருந்தாளிதான். உதிர்ந்த பைன் ஊசி இலைகள் கோடையில் பஞ்சு போல எரியும். 2024 ஏப்ரலில் நைனிடாலைச் சுற்றிய காடுகளில் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியிலிருந்து நீர் மொண்டு ஊற்றியது. காட்டில் அணைக்காமல் எறியும் ஒரு சிகரெட், சமைத்துவிட்டு விட்டுவிட்டு வரும் ஓர் அடுப்பு, அவ்வளவே போதும்.

ஆறு நண்பர்கள் இதில் என்ன செய்ய முடியும்? தொட்டிக் குளியலை விட்டு ஒரு வாளியில் குளிக்கலாம். அவரவர் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளலாம். சிப்ஸ் பைகளைக் குப்பைக்கூடை வரும்வரை பையிலேயே வைத்திருக்கலாம். உச்சக் கூட்டம் இல்லாத நாளில் போகலாம். புறப்படும் முன் தங்கும் விடுதிக்குப் போன் செய்து, தண்ணீர் நிலவரம் எப்படி, சாலை எப்படி, காட்டுத் தீ உண்டா என்று கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் ஊரை மாற்றலாம். மாற்று ஊர் ஒன்றை முதலிலேயே யோசித்து வைத்திருக்கும் குழு இதற்காகச் சண்டை போடுவதில்லை.

கடைசியாக ஒன்று. மலையில் எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒருவர் நடக்கட்டும், ஒருவர் படகு விடட்டும், ஒருவர் தூங்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றுசேர்ந்தால் பேசுவதற்கு ஆறு கதைகள் இருக்கும்.

திங்கள் மாலை அதே டீக்கடை. வெளியே அதே லூ காற்று. கணக்குப்பிள்ளை ஒரு தாளை எடுக்கிறார். ஆளுக்கு 140 ரூபாய் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்கிறார். அந்தப் பணத்திலேயே டீயும் சமோசாவும் வருகின்றன. அடுத்த ஆண்டு எங்கே என்று யாரோ கேட்கிறார். ஆறு கைகளும் மறுபடி உயர்ந்தால், அந்தப் பயணம் வெற்றி.