சரக்கின் சுபாவமும் யந்திரத்தின் தேர்வும்

நிலக்கரி, நெல், சிமெண்டு முதலிய உதிரிச் சரக்குகளை இடம்விட்டு இடம் கொண்டுசேர்க்கும் யந்திரத்தை வாங்க முற்படுவோர், விலையை விசாரிப்பதற்கு முன், அச்சரக்கு கட்டியா தூளா, ஈரமா உலர்ந்ததா, இரும்பைத் தேய்ப்பதா, தானே நொறுங்குவதா என்று ஆராய்ந்தறிதல் அவசியம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியையும் அதன்மேல் கிடந்த மண்ணையும் ஓயாது சுமந்து செல்வது ரப்பர் பெல்ட்டே. தூரமும் அளவும் மிகுந்தவிடத்து அதற்கு நிகரில்லை. ஆயினும், சாதாரணப் பெல்ட்டைச் சுமார் 20 டிகிரிக்கு மேல் சாய்த்தால் சரக்கு பின்னோக்கிச் சரியுமாதலால், இடம் குறுகிய அரிசி ஆலைகளில் நெல்லைச் செங்குத்தாக ஏற்றுவதற்கு வாளிகள் கோத்த எலிவேட்டரையே நாடுகிறார்கள். தவிட்டைச் சிறிது தூரம் தள்ளத் தொட்டிக்குள் சுழலும் திருகு உகந்தது. முழு அரிசியை அதிலிட்டாலோ குருணை மிகும். சிமெண்டைக் குழாய்வழியே காற்றால் செலுத்தினால் தூசி பறவாது; மின்சாரச் செலவுதான் அதிகம். சரக்கின் சுபாவம், தூரம், ஏற்றம் ஆகிய மூன்றையும் சீர்தூக்கியபின் விலைப்பட்டியலைப் புரட்டுவதே விவேகம்.