பரிச்சயம் குற்றமாகுமா?

பயங்கரவாதத்தை ஒடுக்குவது எந்த ஸர்க்காருக்கும் உரிய கடமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், யார் பயங்கரவாதி என்று நிர்ணயிக்கும் முறை நியாயமானதா என்று கேட்பது பிரஜைகளின் கடமை.

இக்காலத்தில் வல்லரசுகளின் உளவு இலாகாக்கள் கைபேசிப் பதிவுகளைத் திரட்டி, யார், யாருடன், எப்பொழுது, எங்கிருந்து பேசினார் என்று கணக்கிட்டுத் தொடர்புப் படம் வரைகின்றன. ஒவ்வோர் எண்ணும் ஒரு புள்ளி. ஒவ்வோர் அழைப்பும் ஒரு கோடு. என்ன பேசினார் என்பதைக் கேட்க வேண்டியதில்லை. கோடுகள் மிகுதியாகக் கூடும் இடத்தில் இருப்பவன் முக்கியஸ்தன் என்று கருதப்படுகிறான். இத்தகைய பதிவுகளைக் கொண்டே மனிதரைக் கொல்கிறோம் என்று அமெரிக்க உளவு இலாகாக்களின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014ஆம் ஆண்டில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

இதன் விபரீதத்தை ஆப்கானிஸ்தானம் அறியும். 2010 செப்டம்பர் 2ஆம் தேதி, தகார் மாகாணத்தில் தேர்தல் பிரசாரத்துக்குச் சென்ற மோட்டார் வண்டிகள் விமானத் தாக்குதலுக்கு இலக்காயின. 10 பேர் மாண்டனர். முஹம்மது அமீன் என்ற தாலிபான் தலைவனைக் கொன்றதாக நேச நாட்டு ராணுவம் அறிவித்தது. மாண்டவரோ ஜாபித் அமானுல்லா. முன்பு தாலிபான் தளபதியாக இருந்து, பின்னர் காபூலில் யாவரும் அறிய வாழ்ந்தவர். கைபேசி எண்களைத் தொடர்ந்து சென்ற உளவாளர், அமீனே 'அமானுல்லா' என்ற பெயரில் உலவுவதாக முடிவு கட்டிவிட்டனர். அமீன் உயிருடன் இருப்பது, கேட் கிளார்க் என்னும் ஆராய்ச்சியாளர் 2011இல் வெளியிட்ட அறிக்கையால் வெளிப்பட்டது. காபூலில் நாலு பேரிடம் விசாரித்திருந்தால் இவர் யார் என்பது தெரிந்திருக்கும். எண்ணை விசாரித்தார்கள், மனிதனை விசாரிக்கவில்லை.

அல் ஜஸீராவின் இஸ்லாமாபாத் நிருபர் அஹ்மத் ஸைதானையும் அமெரிக்க உளவு இலாகா அல் காயிதாவைச் சேர்ந்தவர் என்று குறித்து வைத்திருந்ததை 2015இல் வெளியான ரகசியப் பத்திரங்கள் காட்டின. செய்தி சேகரிப்பவன் கலகக்காரரைச் சந்திக்காமல் இருப்பதெங்ஙனம்? சமாதானத் தூதனும் வைத்தியனும் கூட இந்தப் படத்தில் சந்தேகத்துக்குரிய புள்ளிகளே!

யுத்த தர்மம் இதற்கு இடந்தரவில்லை. ஜினீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் ஒப்பந்தம், ஒருவர் போர்வீரரா, சாதாரணக் குடிமகனா என்ற சந்தேகம் எழுந்தால் குடிமகனாகவே கொள்ள வேண்டும் என்கிறது. சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கும் காலத்தில் மட்டுமே குடிமகன் தன் பாதுகாப்பை இழக்கிறான். படம் காட்டுவது பரிச்சயம். சட்டம் கேட்பது செயல். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது நீதியன்று.

விசாரணையைத் தொடங்குவதற்குத் தொடர்புப் படம் உதவலாம். தீர்ப்பளிக்க அது தகுதியற்றது. மேற்படி ஒப்பந்தத்தை அமெரிக்கா அங்கீகரிக்கவில்லை. இந்தியாவும் அதில் சேரவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம். பிறர் குறையைச் சுட்டுமுன் நம் குறையைப் போக்குவதே முறை. பாரத ஸர்க்கார் தாமதமின்றி அதில் சேர வேண்டும். பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் இதை வற்புறுத்த வேண்டும். சந்தேகத்தின் பலனைக் கொலைக் குற்றவாளிக்கும் அளிக்கும் நாடு, குற்றம் சாட்டப்படாத மனிதனுக்கு அதை மறுப்பது தகுமா?